600064 சென்னை மாவட்டமா, செங்கல்பட்டு மாவட்டமா?

ஏரிக்கரைவாசி:
வீடு சிட்லபாக்கத்தில். பத்திரத்தில் காஞ்சிபுரம் மாவட்டம், ஆதாரில் செங்கல்பட்டு, வரி ரசீதில் தாம்பரம் மாநகராட்சி, பின்கோடு மட்டும் சென்னை 600064. "600 என்றால் சென்னை மாவட்டம்தான், திருத்தி வாருங்கள்" என்று ஒரு வங்கியில் படிவத்தைத் திருப்பிவிட்டார்கள். எதைத் திருத்துவது?

பழைய தபால்காரர்:
ஒன்றையும் திருத்த வேண்டாம் தம்பி. பின்கோடு கலெக்டரின் எல்லையைப் பார்த்துப் போட்டதல்ல, தபால் பை போகிற வழியைப் பார்த்துப் போட்டது. 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த முறை. முதல் மூன்று இலக்கம் கடிதத்தை எங்கே பிரிக்க வேண்டும் என்று சொல்லும். கடைசி மூன்று, எந்த அஞ்சலகம் பட்டுவாடா செய்யும் என்று.

உங்கள் வீடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. 1997 வரை செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், பிறகு காஞ்சிபுரம், 2019 நவம்பர் முதல் செங்கல்பட்டு. பேரூராட்சியாக இருந்த ஊர் 2021-ல் மாநகராட்சிக்குள் போனது. 64 அசையவே இல்லை. அஸ்தினாபுரம் பல்லாவரம் நகராட்சியில் இருந்தபோதும் அதற்கு இதே 64தான்.

எண்கள் வரிசையாகப் போகும் என்றும் நம்பாதீர்கள். பல்லாவரம் 43, குரோம்பேட்டை 44, தாம்பரம் 45 என்று மின்சார ரயில் நிற்கிற ஒழுங்கில் வரும். நடுவிலுள்ள சானடோரியத்துக்கு 47! கிழக்குத் தாம்பரம் 59, சேலையூர் 73.

எனக்கு எரிச்சல் வேறொன்றில். பின்கோட்டை முத்து முத்தாக எழுதிவிட்டு, முகவரியில் 'முதல் குறுக்குத் தெரு' என்று மட்டும் எழுதுகிறார்கள். நம் பக்கம் மனை போட்ட ஒவ்வொரு நகரிலும் ஒரு முதல் குறுக்குத் தெரு உண்டு. காலையில் மரத்தடுப்புகளில் தெருவாரியாகக் கடிதங்களை அடுக்கி முடித்த பிறகு, அந்த ஓர் உறை மட்டும் கையில் நிற்கும். மாதாமாதம் மணியார்டர் வாங்குகிறவர் பெயராக இருந்தால் ஆள் எங்களுக்குத் தெரியும், கடிதம் பிழைத்தது.

ஊரப்பாக்கத்துக்காரர்:
எங்கள் கதை தலைகீழ். வண்டலூர் 600048, அதே வட்டத்தில் அடுத்த ஊரான ஊரப்பாக்கம் 603210. மனை விளம்பரத்தில் மட்டும் நாங்கள் சென்னை!

ஏரிக்கரைவாசி:
நன்றி ஐயா. படிவத்தில் எப்படி எழுதட்டும்? பத்திரத்தில் காஞ்சிபுரம் என்று இருப்பதைக் காட்டி மறுபடி மடக்கினால்?

பழைய தபால்காரர்:
வீட்டு எண், தெரு, மனை போட்ட நகரின் பெயர், சிட்லபாக்கம், சென்னை 600064. மாவட்டம் என்ற கட்டத்தில் செங்கல்பட்டு. பத்திரம் 2019-க்கு முந்தியது என்றால் அதில் காஞ்சிபுரம் இருப்பதுதான் சரி. பதிவான தேதியைக் காட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கவுண்டரில் நின்று வாதாடாமல் நேராக மேலாளர் அறைக்குப் போங்கள். நகரின் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.