கப்பல் தானாகத் திரும்பலாமா, கட்டளைக்குக் காத்திருக்க வேண்டுமா?

உவர்மலை_மாலுமி:
வணக்கம் எல்லாருக்கும். நானும் தம்பியும் ஒரு வருடமாக கேம் செய்யும் மென்பொருளான கோடோ எஞ்சினில் சின்ன ஆர்டிஎஸ் (நேரடி நேரத்தில் படை நடத்தும் வியூக கேம்) ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். கதை நடப்பது எங்கட திருகோணமலையில்தான், 1782இல். அந்த வருடம் ஜனவரியில் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து ஊரைப் பிடித்தார்கள், ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் வந்து பறித்தார், செப்டெம்பர் 3ஆம் திகதி ஹியூஸின் பிரித்தானியக் கப்பல்களோடு வெளிக்கடலில் சண்டை. உட்துறைமுகம், ஒஸ்டன்பேர்க் கோட்டை, வாசலில் உள்ள பீரங்கி எல்லாம் வரைந்து முடித்துவிட்டோம். சிக்கல் கப்பல்களில்தான்.

பாய்க்கப்பலில் பீரங்கி பக்கவாட்டில் இருக்கிறது. பக்கத்தைக் காட்டினால்தான் சுடலாம். முதல் பதிப்பில் எல்லாமே கையால்தான்: எந்தப் பக்கம் திரும்புவது, எப்போது சுடுவது, பாயை எவ்வளவு சுருக்குவது. பன்னிரண்டு கப்பலை வைத்து அப்படி விளையாட முடியவில்லை, ஒன்றைத் திருப்பும் நேரத்தில் மற்றப் பக்கத்தில் மூன்று மூழ்கிவிடுகிறது. சரி என்று இரண்டாவது பதிப்பில் எதிரி எட்டும் தூரத்துக்கு வந்தால் கப்பல் தானே பக்கத்தைக் காட்டிச் சுடும்படி வைத்தோம். போன சனிக்கிழமை மச்சாள் விளையாடினாள். அடிபட்ட கப்பல் ஒன்றை வாசலுக்குள்ளே ஓடச் சொல்லி அழுத்தினாள், பின்னால் எதிரி வந்ததும் அது பாதி வழியில் திரும்பி நின்று சுடத் தொடங்கியது, இரண்டு அடியில் போய்விட்டது. "நான் போகச் சொன்னேன், அது ஏன் திரும்புது?" என்று கேட்டுவிட்டு மவுஸை வைத்துவிட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எதைக் கப்பலிடம் விடுவது, எதை விளையாடுபவரின் கையில் வைப்பது? செய்து பார்த்தவர்கள், நிறைய விளையாடியவர்கள் சொல்லுங்கள்.

பழைய_புரூட்வார்:
தம்பி, நான் இருபது வருடத்துக்கு மேலாக ஸ்டார்கிராஃப்ட் என்ற ஆர்டிஎஸ் விளையாடுகிறேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு வாசியுங்கள். 1998இல் வந்த முதல் கேமில் ஒரே நேரத்தில் 12 யூனிட்தான் (படையாள், வண்டி போன்றவை) தெரிவு செய்யலாம், புதிதாக வரும் தொழிலாளியைக் கையால் கனிமத்துக்கு அனுப்ப வேண்டும், மறந்தால் சும்மா நிற்பான். 2010இல் வந்த இரண்டாவது கேமில் எத்தனை யூனிட்டையும் பிடிக்கலாம், தொழிலாளி தானே வேலைக்குப் போவான். அது நல்ல மாற்றம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அந்தச் சலிப்பான வேலைதான் கவனத்தை ஒரு வளமாக ஆக்கியது: சண்டையைப் பார்ப்பதா, ஊரைப் பார்ப்பதா என்று ஒவ்வொரு நொடியும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வேலையை எடுத்துவிட்டால் எல்லாரும் சண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், சண்டையில் விரல் வேகம் உள்ளவன்தான் வெல்வான். எளிதாக்கப் போய் விரலுக்கு இன்னும் அதிக இடம் கொடுத்துவிடுவீர்கள்.

இன்னொன்று, தானியங்கி வந்தால் எண்களும் மாறவேண்டும். முதல் கேமின் விரிவாக்கமான புரூட் வாரில், புயல் மந்திரம் போடும் ஹை டெம்ப்ளர் பத்துப் பேரைப் பிடித்து புயல் போடச் சொன்னால் பத்துப் பேரும் ஒரே இடத்தில் கொட்டிவிடுவார்கள். இரண்டாவது கேமில் ஒருவர் மட்டும் போடுவார். போடுவது சுலபமாயிற்று, ஒரு புயலின் சேதமும் 112இலிருந்து 80 ஆனது. கப்பல் தானாகச் சுடுவதென்றால் பீரங்கிக் கணக்கையும் திரும்பப் பாருங்கள்.

நிலாவெளிக்_காற்று:
அண்ணா சொன்ன கவன விசயம் சரி, ஆனால் வேலைக்காரனைக் கனிமத்துக்கு அனுப்புவதில் என்ன தேர்வு இருக்கிறது? சரியான பதில் ஒன்றே ஒன்றுதான். அதை மனிதனைக் கொண்டு ஆயிரம் தரம் அழுத்த வைப்பது எனக்குப் பிடிக்காது.

வார்கிராஃப்ட் 3ஐப் பாருங்கள். சோர்சரஸ் என்ற மந்திரக்காரியின், எதிரியை மெதுவாக்கும் ஸ்லோவை வலது கிளிக்கால் தானியங்கியில் போடலாம், ஆனால் எதிரியை ஆடாக மாற்றும் பொலிமோர்ஃபை யார் மேல் போடுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரே யூனிட், இரண்டு மந்திரம். பொலிமோர்ஃப் தவறான ஆளில் போனால் சண்டையே போகும், அதனால் அது கையில்.

ஆனால் சலிப்பு வேலை என்று நினைப்பதெல்லாம் சலிப்பு வேலை இல்லை, இதில் கவனமாக இருங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் வயல் தீர்ந்தால் முதலில் கையால்தான் போட வேண்டும். 2000இல் வந்த கொன்கரர்ஸில் ஆலையில் முன்கூட்டியே வரிசைப்படுத்தலாம், 2019 டெஃபினிட்டிவ் எடிஷனில் முழுவதும் தானியங்கி. நான் அதை விரும்புகிறேன், ஆனாலும் ஒவ்வொரு வயலுக்கும் 60 மரம் போகிறது, மரத்தைச் சேர்த்துவைக்க நினைக்கும் நேரத்தில் அது கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. அப்படியான நேரத்தில் நான் அதை நிறுத்திவிடுவேன். பணம் செலவாகும் எதற்கும் நிறுத்தும் பொத்தான் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும்.

அதே கேமில் மங்கொனல் என்ற கல்லெறி இயந்திரத்தின் கல்லைக் கண்டு வில்லாளிகளைப் பிரிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல் பறந்து வரும் அந்த நேரத்துக்குள் கூட்டத்தை இரண்டாகப் பிளக்க வேண்டும், பிந்தினால் ஒரு வரிசையே படுத்துவிடும். வில்லாளி தானாகவே விலகினால் மங்கொனலை யார் செய்வார்? ஸ்டார்கிராஃப்ட் 2 விளையாடும் செயற்கை நுண்ணறிவான அல்ஃபாஸ்டார் 2018 டிசெம்பரில் மானா என்ற தொழில்முறை வீரரோடு விளையாடியதைப் பாருங்கள், ஸ்டோக்கர் என்ற யூனிட்டை அடக்குவதற்கென்றே உள்ள இம்மோர்ட்டல்களை அது ஸ்டோக்கர்களாலேயே வென்றது, அடிபட்ட ஒவ்வொன்றையும் சரியான கணத்தில் பின்னுக்கு இழுத்து. தானியங்கி விரலுக்கு மட்டும் ஓய்வு கொடுப்பதில்லை, எந்த யூனிட் எதை வெல்லும் என்பதையே புரட்டிவிடும்.

உவர்மலை_மாலுமி:
மங்கொனல் உதாரணம் நேரே பொருந்துகிறது. எங்களிடம் தீக்கப்பல் (தீ வைத்து எதிரிமேல் விடும் கப்பல்) இருக்கிறது, மற்றக் கப்பல்கள் தானாக விலகும்படி தம்பி எழுதியிருந்தான், அதனால்தான் ஒருவரும் தீக்கப்பல் கட்டவில்லை. இன்று இரவே எடுத்துவிடுகிறோம். ஆனால் திரும்புவது? அதில் சரியான பதில் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தைக் காட்டினால் காற்றுப் பிடி போகும்.

சீனன்குடா_77:
உங்களுக்குத் தோன்றியது சரிதான். உங்கள் கதையிலேயே விடை கிடக்கிறது. சுஃப்ரன் ஒவ்வொரு கப்பலின் சுக்கானையும் பிடிக்கவில்லை, கொடியால் சைகை கொடுத்தார், கப்பல் கப்டன்மார் மிச்சத்தைச் செய்ய வேண்டும். செப்டெம்பர் 3 அன்று அந்த வரிசை ஒழுங்காக அமையவில்லை, பல கப்பல்கள் பின்தங்கின, அவர் ஏறியிருந்த "ஹீரோ" என்ற பெயருள்ள கப்பலே பிரதான பாய்மரத்தை இழந்தது. அந்தப் பதற்றத்தை விளையாட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

செய்முறையாகச் சொன்னால், 1997இல் வந்த டோட்டல் அனைஹிலேஷன் இதை நன்றாகச் செய்தது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் இரண்டு நிலை. ஒன்று சுடுவது: கண்டதும் சுடு, சுட்டால் சுடு, சுடாதே. மற்றது நகர்வது: இடத்தை விடாதே, கொஞ்சம் நகரலாம், துரத்தலாம். விளையாடுபவர் சண்டைக்கு முன்னமே மனநிலையைச் சொல்லி வைக்கிறார், சண்டையில் கப்பல் அதன்படி நடக்கிறது. அதே வழியில் வந்த பியோண்ட் ஆல் ரீசன் இலவசம், இறக்கிப் பாருங்கள், வலது பொத்தானை இழுத்து ஒரு கோடு வரைந்தால் யூனிட்கள் அந்தக் கோட்டில் போய் நிற்கும். உங்கள் கப்பல் வரிசைக்கு அதைவிடப் பொருத்தமான கட்டளை இல்லை.

மச்சாளின் கேள்விக்கு வருகிறேன், எல்லாவற்றிலும் அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போ என்று சொன்னால் போக வேண்டும். அந்தக் கட்டளை முடியும்வரை தானியங்கி சுக்கானைத் தொடக்கூடாது. போகிற போக்கில் பீரங்கிக்கு நேராக யாராவது வந்தால் சுடட்டும், அதற்காகத் திரும்ப வேண்டாம்.

உவர்மலை_மாலுமி:
எல்லாருக்கும் நன்றி. மூன்று நாள் எடுத்தது, இப்போதுதான் எழுத முடிந்தது. சுடுவது கப்பலின் வேலை. கட்டளை இல்லாமல் நிற்கும் கப்பல் மட்டும் தானே பக்கத்தைக் காட்டும், அதுவும் "இடத்தை விடாதே" என்று வைத்தால் காட்டாது. கோடு இழுக்கும் கட்டளையைத் தம்பி பாதி எழுதிவிட்டான், மூலையில் வளையும் இடத்தில் இரண்டு கப்பல் இன்னும் முட்டுகிறது. புரூட்வார் அண்ணா சொன்னபடி பீரங்கிச் சேதத்தையும் குறைத்தோம்.

நேற்று மச்சாள் திரும்ப விளையாடினாள். அடிபட்ட கப்பல் திரும்பாமல் வாசலுக்குள் வந்து சேர்ந்தது, வெளியே மற்ற இரண்டையும் அவள் மறந்துபோய் இழந்தாள். உடனே இன்னொரு ஆட்டம் போடு என்றாள்.