சல்பைடு தாது வந்தபின் ஈர்ப்புச் செறிவாக்கியில் தங்க மீட்பு குறைகிறது: உதவி தேவை

கேள்வி (ஜூரோங்)
அனைவருக்கும் வணக்கம். இந்தோனேசியாவில் உள்ள ஒரு தங்கத் தாது ஆலையின் செயல்பாட்டைச் சிங்கப்பூரிலிருந்து கவனித்து வருகிறோம். அரைத்த தாதுவைப் பருமன்வாரியாகப் பிரிக்கும் சைக்ளோனின் அடிப்பாய்வில் (அடியில் வெளிவரும் பருமணலில்) ஒரு பகுதியைச் சலித்து, சுழலும் கிண்ணத்தின் விசையால் கனமான தங்கத்தைப் பிடித்துவைக்கும் நெல்சன் செறிவாக்கிக்கு அனுப்புகிறோம். பைரைட்டு (இரும்புச் சல்பைடு) மிகுந்த ஆழ்மட்டத் தாது வரத் தொடங்கியதிலிருந்து அதில் சிக்கும் தங்கம் குறைந்து, மீதித் தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடுத் தொட்டிகளின் கழிவில் தங்கம் ஏறியிருக்கிறது. கிண்ணத்தின் துளைகள் வழியே செலுத்தும் தண்ணீரைக் கூட்டியும் பயனில்லை. மணிக்கு ஒருமுறை கிண்ணத்தைக் கழுவி எடுக்கிறோம். எங்கே தவறுகிறது?

மறுமொழி (ஈசூன்)
தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், குவார்ட்சுக்கு 2.65, பைரைட்டுக்கோ ஏறத்தாழ 5. புவியீர்ப்பைப் போல் 60 மடங்கு விசையில் சுழலும் கிண்ணத்தில் பைரைட்டு அதன் உட்சுவரிலுள்ள வளையங்களை நிரப்பி இறுகிவிட்டால், பின்னால் வரும் தங்கம் மேலோடு வழிந்துவிடும். தண்ணீரைக் கூட்டினால் படுகை தளரும். ஆனால் நுண்தங்கமும் சேர்ந்து வெளியேறும். ஆகவே ஒரு சுழற்சிக்குள்ளேயே (ஒரு கழுவலுக்கும் அடுத்த கழுவலுக்கும் இடையே) பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செறிவாக்கியின் கழிவில் மாதிரி எடுத்து, தங்கம் எப்போது ஏறுகிறது என்று கண்டு, அதற்கு முன்பே கழுவுமாறு நேரத்தைக் குறையுங்கள். மாதிரி பெரிதாக இருக்கட்டும். கைப்பிடி மண்ணில் ஒரு தங்கத் துணுக்கு விழுந்தாலும் விழாவிட்டாலும் கணக்கே மாறிவிடும்.

மறுமொழி (அங் மோ கியோ)
நான் கோலார் தங்கவயலில் வளர்ந்தவன். 2001-இல் சுரங்கம் மூடிய பின்னும் அங்கே நிற்கும் சயனைடுக் கழிவு மேடுகளைப் பார்த்தவர்களுக்குக் கழிவோடு போகும் தங்கம் மனத்தை உறுத்தும். கிண்ணத்தைக் கழற்றி, வளையத் துளைகளை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். ஆலையின் மறுசுழற்சி நீரில் வரும் நுண்மணல் அவற்றை அடைத்திருந்தால், நீரோட்டம் மாறாமலே அழுத்தம் ஏறியிருக்கும். சயனைடுக் கழிவைத் தட்டில் அலசி, உருப்பெருக்கியில் பாருங்கள். மஞ்சள் துகள்கள் தனியே தெரிந்தால் குறை செறிவாக்கியில்தான். பருந்தங்கம் சயனைடில் மெல்லத்தான் கரையும் என்பதால் தொட்டிகளைத் தாண்டிவிடுகிறது. துகள்களே தெரியாவிட்டால் தங்கம் பைரைட்டுக்குள் சிறைப்பட்டிருக்கலாம். அப்போது அரவையின் நுண்மையை ஆராய வேண்டும்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி ஐயா. அழுத்தம் ஏறியிருப்பதை ஆலையில் உறுதிசெய்தார்கள். கழிவிலும் மஞ்சள் துகள்கள் தெரிகின்றனவாம். துளைகளைச் சுத்தம் செய்யும்போதே சுழற்சி நேரத்தையும் குறைத்துவிடலாமா?

மறுமொழி (ஈசூன்)
வேண்டாம். துளைகளைச் சுத்தம் செய்து, நீரோட்டத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அதே ஒரு மணி நேரச் சுழற்சியில் மாதிரிகளை எடுத்த பிறகே நேரத்தைக் குறையுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.