நாம்சேயில் இரண்டாவது இரவு வீண் என்று எழுதியவருக்கு

மெதுநடை:
எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு முதன்முறையாகச் செல்பவர்களுக்கென்று நண்பர் கணக்குப்பிள்ளை நேற்று இங்கே ஒரு பயணத் திட்டத்தை வெளியிட்டிருந்தார். நாம்சே பஜாரில் எல்லோரும் தங்கும் இரண்டாவது இரவை "கடைவீதி சுற்றுவதற்காக ஏற்பட்ட வழக்கம்" என்று அதில் தள்ளிவிட்டு, மிச்சமாகும் ஒரு நாளை நடை தொடங்கும் ஊரான லுக்லாவுக்கு விமானம் பறக்காமல் போகும் நாளுக்காக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். மறுப்பு எழுத வேண்டாம் என்று இரவு முழுவதும் என்னை நானே அடக்கிப் பார்த்தேன்; முடியவில்லை.

முதல் இரவு தங்கும் ஃபாக்டிங் 2,610 மீட்டர். நாம்சே 3,440 மீட்டர். ஒரே பகலில் 830 மீட்டர் ஏறிப் போய்ப் படுக்கிறோம். காற்றில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயைத் தவிர்க்க, 3,000 மீட்டரைக் கடந்தபின் படுக்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்றும் உயர்மலை மருத்துவர்கள் சொல்கிறார்கள். 830 என்பது 500-ஐவிடப் பெரியது என்பதை அறிவதற்குக் கணக்குப்பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை. கடனாக வாங்கிய அந்த 330 மீட்டரை நாம்சேயில் ஒரு நாள் இருந்து அடைக்கிறோம், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
அம்மையார் தாம் காட்டும் விதியைத் தம் பெயருக்கேற்ப மெதுவாக இன்னொரு முறை படித்திருக்கலாம். விதி 3,000 மீட்டரில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து நாம்சேக்கு 440 மீட்டர். மறுநாள் தெங்போச்சே 3,867 மீட்டர், அதாவது 427 மீட்டர் கூடுதல். இரண்டும் 500-க்குள் அடக்கம். விதி தொடங்காத உயரத்தையும் சேர்த்து 830 என்று எழுதிப் புதியவர்களைப் பயமுறுத்துவது எந்த மருத்துவம்?

அந்த "ஓய்வு" நாளில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். 3,880 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை மூச்சு வாங்க ஏறி, ஒரு காபி குடித்து, படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். தெங்போச்சே அதைவிட 13 மீட்டர் தாழ்வு. ஏறி இறங்கினால் மருந்து, ஏறித் தங்கினால் நஞ்சா? நான் நாம்சேயில் ஓர் இரவே தங்கிச் சென்றேன்; தலைவலிகூட இல்லாமல் திரும்பி வந்தேன்.

மெதுநடை:
ஆம், ஏறி இறங்குவது வேறு, ஏறித் தங்குவது வேறு. விழித்திருக்கும்போது உடல் வேகமாக மூச்சிழுத்துக் குறையை ஈடு கட்டுகிறது. உறக்கத்தில் மூச்சின் வேகம் குறைகிறது. உயரத்தில் சிலருக்கு மூச்சு சில நொடிகள் நின்று, பிறகு திடுக்கென்று தொடங்குகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் மேலும் இறங்குகிறது. படுக்கும் உயரத்தை வைத்து விதி எழுதியதற்கு அதுவே காரணம்.

அன்றைய நடை 427 மீட்டர் மட்டும்தான் என்பதும் ஏட்டுக்கணக்கு. நாம்சேயிலிருந்து புங்கி தெங்காவில் ஆற்றங்கரைக்கு, ஏறத்தாழ 3,250 மீட்டருக்கு, இறங்கிய பிறகுதான் தெங்போச்சே ஏற்றமே தொடங்குகிறது. 600 மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் ஏற வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

தங்களுக்குத் தலைவலி வரவில்லை என்பதில் மகிழ்ச்சி. என்னுடன் வந்த ஒருவரும் இதே அவசரத்தில் நாம்சேயின் இரண்டாவது இரவை விட்டவர்தான். லோபுசேயில், 4,940 மீட்டரில், சாணி வறட்டி எரியும் அடுப்பைச் சுற்றி எல்லோரும் அமர்ந்திருந்தபோது, அவர் தம் பூட்ஸ் கயிற்றை முடிச்சிட முயன்றுகொண்டே இருந்தார். விரல்கள் கயிற்றைப் பிடித்தன. அடுத்து என்ன செய்வதென்று அவற்றுக்குத் தெரியவில்லை. தரைப்பலகையின் இடுக்கைக் கோடாக வைத்து, குதிகாலை விரலோடு ஒட்டி நடந்து காட்டச் சொன்னார் வழிகாட்டி. மூன்றாவது அடியில் அவர் சுவரைப் பிடித்தார். மூளை வீங்கத் தொடங்கியதற்கு அது அடையாளம். விடியும்வரை காத்திருக்கவில்லை, தலைவிளக்கு வெளிச்சத்தில் துக்லா வழியாகப் பெரிச்சேக்கு, 4,371 மீட்டருக்கு, இறக்கினோம். அந்த 830 மீட்டரை நான் மறக்காததற்குக் காரணம் இதுதான்.

முதலடி:
வணக்கம். அக்டோபரில் செல்லவிருக்கிறேன். காத்மாண்டு சேர்ந்ததிலிருந்து திரும்புவதுவரை 13 நாட்கள் உள்ளன. நாம்சேயில் ஓர் இரவா, இரண்டா என்று யாராவது முடிவாகச் சொன்னால் முன்பதிவு செய்துவிடுவேன். லுக்லா விமானம் காத்மாண்டுவிலிருந்து கிளம்புமா, வேறிடத்திலிருந்தா என்பதும் புரியவில்லை.

வடமலை:
மெதுநடை சொல்வதே சரி. இரண்டு இரவுகள் தங்குங்கள். ஆனால் இப்போதெல்லாம் அவசரக்காரர்கள் உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுகிறார்கள், அதைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். அது நோயின் அறிகுறிகளை மூடி மறைத்துவிடும். தலைவலி தெரியாமல் மேலே போய் அங்கே விழுவார்கள். நான் நடந்த காலத்தில் பூண்டு சூப் ஒன்றே மருந்து.

மெதுநடை:
ஐயா, என் பக்கம் பேச வந்ததற்கு நன்றி. ஆனால் தவறான காரணத்தோடு வந்திருக்கிறீர்கள். டயமாக்ஸ் எனப்படும் அசிட்டசோலமைடு எதையும் மூடுவதில்லை. சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றும்படி செய்து, இரத்தத்தைச் சற்று அமிலமாக்கி, அதனால் மூச்சை அதிகமாக்குகிறது. உடல் சில நாட்களில் தானே செய்யும் வேலையை முன்கூட்டியே செய்ய வைக்கிறது. மூடி மறைக்கும் என்ற பழி டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்துக்குப் பொருந்தும். அது வீக்கத்தை அடக்குமே தவிர உடலைப் பழக்காது, நிறுத்தினால் தொல்லை திரும்பி வரும். டயமாக்ஸுக்குத் தடுப்பளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. விரல் நுனி சுருசுருக்கும், சோடா சப்பென்றிருக்கும், இரவில் நான்கு முறை எழுந்து வெளியே போக நேரும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டாலும் 830 மீட்டர் 830 மீட்டராகவே இருக்கும். மாத்திரை இரவைக் குறைப்பதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. பூண்டு சூப் சூடாக இருக்கும், அதற்காகக் குடியுங்கள்.

வடமலை:
ஆதரித்து எழுதியவனுக்குப் பாடம் நடத்தும் பழக்கம் தங்களுக்குப் புதிதல்ல. போன ஆண்டு, அடிவார முகாமுக்கு அருகே எவரெஸ்டைப் பார்க்க ஏறும் கலா பத்தரின் உயரம் 5,545 மீட்டர் என்று நான் எழுதியபோதும் இதே தொனியில்தான் திருத்தினீர்கள். அங்கே நின்றவன் நான். இனி நாம்சேயில் ஓர் இரவு தங்கினாலும் சரி, ஒன்பது இரவுகள் தங்கினாலும் சரி, எனக்குக் கவலையில்லை.

பயணப்பித்தன்:
கலா பத்தர் 5,644 மீட்டர்.

வடமலை:
5,545.

கணக்குப்பிள்ளை:
இருவரும் கலா பத்தரிலேயே இருங்கள், காட்சி நன்றாக இருக்கும். நான் அம்மையாரின் எண்ணுக்கே திரும்புகிறேன். மருத்துவர்களின் அதே வழிகாட்டலில், நிலப்பரப்பின் காரணமாக ஒரு நாள் 500-ஐத் தாண்டினாலும் ஓய்வு நாட்களையும் சேர்த்துப் பயணத்தின் சராசரி அதற்குள் இருந்தால் போதும் என்று இருப்பதை ஏன் அவர் சொல்லவில்லை? என் திட்டம் இது: ஃபாக்டிங், நாம்சே, தெங்போச்சே, டிங்போச்சேயில் இரண்டு இரவுகள், பிறகு லோபுசே. 2,610-லிருந்து 4,940 வரை 2,330 மீட்டர், ஐந்து நாட்கள். சராசரி 466. விதி காப்பாற்றப்பட்டது. அழுத்தமாகச் சொல்வதால் 830 விதியாகிவிடாது. தம் தோழர் லோபுசேயில் தடுமாறியதற்கு நாம்சே காரணம் என்பதை அவர் எப்படி நிறுவுவார்? தண்ணீர் குடிக்காமலோ சளியோடோ அவர் போயிருக்கலாம்.

மெதுநடை:
சராசரியில் ஒளிந்துகொள்வதற்கு நல்ல இடம் கண்டுபிடித்திருக்கிறீர்கள். டிங்போச்சேயில் கிடைக்கும் ஓய்வை முன்கூட்டியே எடுத்து நாம்சே கணக்கில் வரவு வைக்கிறீர்கள். உடலுக்கு அந்த வசதி இல்லை. நாளை வரப்போகும் ஓய்வைக் காட்டி இன்றிரவு அதற்கு மூச்சு கொடுக்க முடியாது. தங்கள் வழியில் டிங்போச்சே சேரும் இரவுவரை மட்டும் கணக்கிடுங்கள்: 2,610-லிருந்து 4,410 வரை 1,800 மீட்டர், மூன்று நாட்கள், நாளொன்றுக்கு 600. நாம்சேயில் இன்னோர் இரவு சேர்த்தால் அதே 1,800 நான்கு நாட்களில் 450 ஆகிறது. இந்த ஒரு கழித்தல் கணக்கைக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்துக்கொண்டவர் தவறவிட்டது எனக்கு ஆச்சரியம்.

என் தோழருக்குச் சளியும் இல்லை, தாகமும் இல்லை. அவருடைய தண்ணீர்ப் புட்டியை அன்று பகல் முழுவதும் நிரப்பிக் கொடுத்தவள் நான். அவரைப் பார்க்காதவர் நோய்க்காரணம் சொல்வது அழகல்ல.

கணக்குப்பிள்ளை:
ஆக, 830-ஐ விட்டுவிட்டு 600-க்கு வந்துவிட்டீர்கள். முன்னேற்றம்தான்.

மெதுநடை:
விடவில்லை. 830 அந்த 600-க்குள்தான் இருக்கிறது.

பயணப்பித்தன்:
கலா பத்தரைப் பற்றி நான் எழுதியதற்கு ஆதாரம் கேட்கிறார்களா, இல்லையா? இரண்டு எண்களும் அச்சில் உலவுவது எனக்கும் தெரியும். ஆனால் 5,545 என்பவர்கள் அதன் அடியில் தங்குமிடமான கோரக்ஷேப்பின் 5,164-லிருந்து 381 மீட்டர் மட்டும் ஏறியதாகச் சொல்ல வேண்டிவரும். விடியற்காலைக் குளிரில் நான் ஏறிய களைப்பு 381 மீட்டருக்கு உரியதல்ல.

வடமலை:
களைப்பை வைத்து மலையை அளப்பவரோடு நான் பேசுவதில்லை.

முதலடி:
மன்னிக்கவும், மீண்டும் கேட்கிறேன். ஓர் இரவா, இரண்டா?

கணக்குப்பிள்ளை:
தம்பி, அக்டோபர் நெரிசலில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் ராமேசாப் மாவட்டத்தின் மந்தலி விமான நிலையத்திலிருந்தே கிளம்பும். காத்மாண்டுவிலிருந்து நள்ளிரவுக்குப் பின் புறப்பட்டு நான்கு ஐந்து மணி நேரம் சாலையில் போக வேண்டும். மேகம் இறங்கினால் விமானம் கிடையாது. திரும்பும்போது கையில் உபரி நாள் இல்லாவிட்டால் ஊர் திரும்பும் விமானமும் போய்விடும். அதற்காகத்தான் ஒரு நாளை மிச்சம் பிடிக்கச் சொன்னேன். காப்பீடு எடுக்கும்போது 5,500 மீட்டருக்கு மேலும் ஹெலிகாப்டர் மீட்புக்குப் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மெதுநடை:
உபரி நாள் வேண்டும் என்பதை நான் மறுக்கவே இல்லை. அதை நாம்சேயிலிருந்து திருட வேண்டாம் என்கிறேன். 13 நாட்கள் இருப்பவர் இறங்கும் வழியில் ஒரு நாளைக் குறைக்கலாம். கோரக்ஷேப்பிலிருந்து லுக்லாவுக்கு மூன்று நாட்களில் இறங்கிவிட முடியும், இறங்குவதற்கு 500 மீட்டர் விதி கிடையாது. பெரிச்சேயில் 1973 முதல் இயங்கும் ஹிமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது. பருவக் காலத்தில் அங்குள்ள மருத்துவர்கள் பிற்பகலில் உயர நோய் பற்றி விளக்குவார்கள். கணக்குப்பிள்ளை அவர்கள் தமது 440-ஐ அங்கே எடுத்துச் சென்று சொல்லிப் பார்க்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
சொல்வேன். 3,000-லிருந்து 3,440-க்கு 440 என்பதை எந்த மருத்துவரும் 830 என்று திருத்தப் போவதில்லை.

மெதுநடை:
ஃபாக்டிங்கிலிருந்து கிளம்பும் யாரும் 3,000 மீட்டரில் பிறப்பதில்லை. நாளைக்கு ஒவ்வோர் இரவின் உயரத்தையும் வரிசையாக எழுதி வெளியிடுகிறேன். அதற்குப் பிறகும் 440 என்பீர்களானால்,

கணக்குப்பிள்ளை:
என்பேன்.