ஆட்சி மாறின பிறகும் ஆக்கள் ஏன் வெளிநாட்டுக்கு வெளிக்கிடினம்?

நெடுந்தீவான்: 2022 ஜூலையில இலங்கை ஜனாதிபதி கோட்டாபய போயிட்டார். பெற்றோல் வரிசையும் இல்லை, 360 ரூபாவுக்கு ஏறின டொலர் 300 அளவில நிக்குது. பிறகும் டொக்டர்மார், பேங்க், ஐடி ஆக்கள் ஏன் பெட்டி கட்டினவை? அரசியல் வெறுப்பா, காசா?

கணக்கப்பிள்ளை: சம்பளச் சீட்டைப் பாருங்கோ. மாதம் 3 லட்சம் எடுக்கிறவருக்கு 2022இல மாத வருமான வரி 3,000 ரூபா, ஏனெண்டால் 2½ லட்சம் வரை வரியில்லை. 2023 ஜனவரியில அந்த எல்லையை 1 லட்சத்துக்கு இறக்கி, 6 வீதத்தில தொடங்கி 36 வரைக்கும் படி வைச்சினம். அதே ஆளுக்கு வரி 35,000. சாமான் விலையோ அதுக்கு முன்னமே ஏறிட்டுது. 2022 செப்டெம்பரில பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. 2025 ஏப்ரலில எல்லையை 1½ லட்சமாக்கின பிறகும் 18,500 கட்ட வேணும். கைக்கு வாற சம்பளத்துக்கும் செலவுக்கும் நடுவில உள்ள இந்த இடைவெளியில வீட்டுக் கடன் எடுத்தவை விழுந்தவைதான்.

பனங்கூடல்: கணக்கப்பிள்ளை சொல்றது சரி, ஆனா கதவைத் திறந்துவிட்டதும் அரசாங்கம்தான். 2022 ஜூனில வந்த 14/2022 சுற்றறிக்கை அரச ஊழியருக்கு 5 வருஷம் வரை சம்பளமற்ற லீவு குடுத்தது. சேவை மூப்பு, பென்ஷன் பாதிக்காது எண்டும் சொன்னது. டொலர் வரட்டும் எண்ட கணக்கு. வேலையை விடாமல் போய்ப் பாக்கலாமெண்டால் தயங்கினவரும் வெளிக்கிடுவார்.

நெடுந்தீவான்: விளங்குது. வெளிக்கிடுறவை எங்க மாட்டுப்படுகினம்?

கொச்சிக்கடை: பெயரில, தம்பி. பிறப்புச் சான்றிதழ் தமிழில இருக்கும், ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) சேர்டிபிகேற்றில இனிஷல் மட்டும், பாஸ்போர்ட்டில தகப்பன் பெயர் விரிஞ்சு கிடக்கும். மூண்டும் வேற வேற ஆளாத் தெரியும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுக்கும்போதே பாஸ்போர்ட் கொப்பியையும் குடுங்கோ. ஆங்கில எழுத்துக்கூட்டை அதைப் பாத்துத்தான் எழுத வேணும். பிழையெண்டால் கொன்சியூலர் அத்தாட்சிக்கு (வெளிநாட்டு அமைச்சு பத்திரத்தை உறுதிப்படுத்துறது) போக முதல் திருத்துங்கோ, இல்லாட்டி எல்லாம் முதலில இருந்து தொடங்க வேணும். பொலிஸ் ரிப்போட்டைக் கடைசியா எடுங்கோ, பழசாப்போனால் தூதரகம் ஏற்காது.

விசிற் விசாவில போய் வேலை தேடுறது மட்டும் வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதியாமல் போனால் பணியகத்தின்ர காப்புறுதி இல்லை. சம்பளம் தராட்டி முறையிட ஒப்பந்தமும் கையில இராது.

கணக்கப்பிள்ளை: பாஸ்போர்ட் கொப்பியோட அடையாள அட்டைக் கொப்பியும் வையுங்கோ. அதில எழுத்து வேறயா இருந்தால் முதல் அதைத் திருத்த வேணும்.