புதுப்பிப்பு: பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்த என் ரோக்

போன வாரம் புலம்பியிருந்தேனே, பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில், என் ரோக் (பதுங்கித் திரியும் கள்ளன் பாத்திரம்) ஒளிய ஸ்டெல்த்துக்கு (மறைந்து பதுங்கும் திறனுக்கு) பகடையோடு சேர்த்து மொத்தம் 17 வந்தும் காவலன் என்னைப் பார்த்துவிட்டான் என்று? ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் (டன்ஜன் மாஸ்டர்) பேசினேன். அவர் பார்த்தது 2014 விதிப்புத்தகத்தின் விதி: காவலனின் பாசிவ் பெர்செப்ஷனை (பகடை உருட்டாமலே அவன் எவ்வளவு கவனிப்பான் என்பதற்கான எண்) என் எண் தாண்டவேண்டும். நான் பிடித்துக்கொண்டிருந்தது 2024 புத்தகத்தின் விதி: சரியான மறைவிடத்தில், எதிரி கண்ணில் படாமல் இருந்து 15 எடுத்தால் போதும், அப்புறம் தேடுகிறவன் பகடை உருட்டி என் 17-ஐ எட்டவேண்டும்.

ஆனால் ஒன்றை அன்றைக்கு எழுதாமல் விட்டுவிட்டேன். ஒளிந்த கையோடு, “பின்னாடி பாருடா!” என்று நண்பனுக்குக் கத்தியிருக்கிறேன். 2024-இல் கிசுகிசுப்பைவிடச் சத்தமாகப் பேசினாலே மறைவு போச்சு. 2014-லும் கத்தினால் இடம் தெரிந்துவிடும். டிஎம்மிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. இனி 2024 விதிதான் என்று முடிவு.