பட்டாளத்துக்குப் போன பூட்டன்: தேடியவர்கள் சொல்லுங்கள்

தலவாக்கலைப் பேரன்:

முதல் உலகப் போரில் பிரித்தானியா கொடுத்த போர்ப் பதக்கத்தை வைத்திருக்கும் குடும்பங்கள் மலைநாட்டில் இன்னும் இருக்கும். ஒரு பக்கம் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன், 1914, 1918 என்று ஆண்டுகள். எங்களுடையது வெண்கலம். பூட்டன் சேலம் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி, பிறகு ஒரு கங்காணியோடு மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்தவர். வீட்டில் தெரிந்தது இவ்வளவுதான்.

அந்தப் பதக்கத்தின் விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருப்பார்கள் என்று அறிந்ததும் அப்பாயியிடம் கேட்டு வாங்கி, லயத்து வாசலில் வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தேன். விளிம்பு வழவழவென்று இருந்தது. ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு அதையும் சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, சந்தனம் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். “மாமனார் பொருள் கறுத்துப்போகக் கூடாது அல்லவா” என்றார் அப்பாயி. ஒரே ஓர் ஆங்கில எழுத்து நகத்தில் தட்டுப்பட்டது. ‘எம்’ ஆகவும் இருக்கலாம், ‘என்’ ஆகவும் இருக்கலாம். அவர் பெயர் அதில்தான் இருந்தது என்று அப்பாயியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஹட்டன் ஆசிரியர்:

தம்பி, வெண்கலம் என்றால் உங்கள் பூட்டன் துப்பாக்கி பிடித்த சிப்பாயாக இருந்திருக்க மாட்டார். அந்தப் போர்ப் பதக்கத்தைச் சிப்பாய்களுக்கு வெள்ளியில் கொடுத்தார்கள். வெண்கலம் தொழிலாளர் படைகளுக்கு வார்த்தது. மனம் நோகச் சொல்லவில்லை. இதே வழியில் நானும் போனவன்.

எங்கள் பூட்டன் தோட்டத் துரைமாரோடு துருக்கியின் கலிப்பொலியில் சண்டையிட்டவர் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்தோம். துரைமாரின் தொண்டர் படையான சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் 1900-இல் தொடங்கியது. 1914-இல் எகிப்துக்குப் போய், மறு ஆண்டு கலிப்பொலியில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு நின்றது. ஆனால் அதில் ஐரோப்பியர் மட்டுமே சேரலாம். வீட்டிலிருந்த பழைய படத்தை மறுபடி பார்த்தோம். துரைமார் வரிசையாகத் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். ஓரத்தில் ஒருவர் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திருக்கிறார், பாதி உடல் படத்துக்கு வெளியே. அப்பா அதை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. உண்மை என்னவோ அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பண்டாரவளை மகள்:

ஆசிரியர் ஐயா சொல்லும் தகவல் சரி. ஆனால் ‘சிப்பாய் இல்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியாது. குண்டு விழும் இடத்தில் மூட்டை சுமந்தவனும் தண்டவாளம் போட்டவனும் செத்திருக்கிறார்கள். துப்பாக்கி பிடித்தவனுக்குத்தான் என்ன மரியாதை கிடைத்தது? ஈராக்கின் பஸ்ரா நினைவுச்சின்னத்தில் அந்தப் போரில் இறந்த 40,000-க்கும் மேற்பட்டவர்களை நினைவுகூர்கிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் செதுக்கியிருக்கிறது. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவும் எத்தனை பேர் என்ற தொகையும் மட்டும். கடிவாளம் பிடித்தவர் படத்தை ஏன் திருப்பி வைக்க வேண்டும், ஐயா? நேராக வையுங்கள்.

எங்கள் தாத்தா இரண்டாம் உலகப் போரில் இந்தியா போய்ப் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மாவரை போய் வந்தவர். பட்டாளத்திலிருந்து விடுவித்த சான்றிதழ் இருந்தது. 1949-இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி இலங்கைக் குடியுரிமை பெற, மணமானவர் என்றால் 1946 சனவரி 1-க்கு முந்திய 7 ஆண்டுகள் இடையறாமல் இலங்கையில் இருந்ததாகக் காட்ட வேண்டும். மணமாகாதவர் 10 ஆண்டுகள். பட்டாளத்தில் இருந்த காலத்தை இடைவெளி என்று எழுதிவிடுவார்களோ என்று அம்மாயிக்குப் பயம். விசாரணைக்கு முதல்நாள் இரவு சோற்றுப் பானைக்குக் கீழே அந்தத் தாளைச் செருகிவிட்டார். பெரியம்மா அப்போது சிறுமி, அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். தாள் சுருண்டு, தலைப்பில் இருந்த கிரீடம் கடைசியாகக் கறுத்ததை இன்றைக்கும் கையால் வரைந்து காட்டுவார். அப்படியும் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். இந்தியாவோடு செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தில் பாதிப்பேர் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். தாத்தாவின் படையெண் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

கண்டித் தேடுநர்:

என் கதை சிறியது. தாத்தாவின் இரண்டாம் போர்ப் பதக்கங்களில் பெயரைத் தேடி ஏமாந்தேன். பிரித்தானியா அந்தப் போரின் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்தது. அவற்றை வைத்துக்கொண்டு தேடுபவர்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தலவாக்கலைத் தம்பி, முதலில் பதக்கத்தைத் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அப்பாயிக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, பூவும் சந்தனமும் போதும் என்று சொன்னால் போதும். இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தை விளிம்புக்குப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். மெல்லிய தாளைச் சுற்றி மென்பென்சிலால் லேசாக உரசினாலும் கண்ணுக்குத் தெரியாத எழுத்து சில நேரம் எழும். படைப்பிரிவின் இரண்டு எழுத்துக் கிடைத்தாலே பாதித் தூரம் வந்தாயிற்று. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அதன் மையம் நீலகிரி வெலிங்டனில். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரில். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் பட்டியலில் போரில் இறந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். உயிரோடு திரும்பிய பூட்டனை அங்கே தேடிப் பயனில்லை. லண்டன் பிரித்தானிய நூலகத்தில் இந்திய அலுவலக ஆவணங்கள் இருக்கின்றன, ஆனால் அதிகாரிகளைப் பற்றிய அளவுக்குச் சிப்பாய்களைப் பற்றி இருக்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஊர்ப்பெயரை உறுதிசெய்யுங்கள். ‘சேலம் பக்கம்’ போதாது, தாலுகாவும் கிராமமும் வேண்டும். தோட்டத்துப் பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு), பிறப்புப் பத்திரம், கோயில் திருவிழா நன்கொடைப் புத்தகம், இந்தியாவுக்குப் போன சொந்தக்காரர் கொண்டுபோன பத்திரங்கள், எதையும் விடாதீர்கள். முத்துசாமியை வெள்ளைக்காரக் கிளாக்கர் எத்தனை விதமாக எழுதியிருப்பான் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு தேடுங்கள்.

மாத்தளைக்காரி:

கண்டிப் போர்க் கல்லறையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் என்று எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். ஒரு கல்லில் என் அம்மாவின் பெரியப்பா பெயர். அம்மா சிறுவயதிலிருந்தே அங்கே போய்க் கற்பூரம் ஏற்றி வந்தவர். போன ஆண்டு நான் அங்கிருந்த பதிவேட்டைப் புரட்டினேன். பெயர் அதே பெயர். தகப்பன் பெயர் வேறு, ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்களுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அம்மாவிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். அவர் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, “இந்தப் பிள்ளைக்கு வேறு யார் ஏற்றினார்கள்?” என்று கேட்டுவிட்டுக் கற்பூரத்தை ஏற்றினார்.

பெரியப்பாவைத் தேடும் வேலை மறுபடி முதலிலிருந்து. அது இருக்கட்டும். திருநெல்வேலிப் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பதிவேட்டில் இருக்கும் ஊர்ப்பெயரைத் தருகிறேன். தங்கள் பிள்ளை கண்டியில் இருப்பது அந்த வீட்டாருக்குத் தெரியுமா என்று விசாரிக்க வேண்டும்.