ஷேஹு முந்திக்கொண்டிருந்தால் அல்பேனியாவில் உள்நாட்டுப் போர் வந்திருக்குமா?

மாற்றுப்பாதை:
1981 டிசம்பர் 17, அல்பேனியத் தலைநகர் டிரானா. கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி என்வர் ஹோஜாவுக்கு அடுத்த இடத்தில் 27 ஆண்டுகள் பிரதமராக இருந்த மெஹ்மெத் ஷேஹுவைக் கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழு வறுத்தெடுக்கிறது. குற்றம்: மகனுக்கு வர்க்க எதிரியின் குடும்பத்தில் பெண் பார்த்தது! அன்றிரவே குண்டு பாய்ந்து இறந்தார், தற்கொலை என்றார்கள். அவர் சாகாமல் படையைக் கூப்பிட்டிருந்தால்? பாதுகாப்பு அமைச்சர் கத்ரி ஹஸ்பியு அவருக்கு நெருக்கமானவர். ரகசியப் போலீஸான சிகுரிமியைக் கையில் வைத்திருந்த உள்துறை அமைச்சர் ஃபெச்சோர் ஷேஹு அவருடைய உறவுக்காரர். ஹோஜாவோ இதய நோயாளி. என் கணக்கில் வடக்கு ஒரு பக்கம், தெற்கு ஒரு பக்கம், இரண்டு வருடப் போர்.

பழையகோப்பு:
வடக்கு-தெற்கா? ஷேஹு, ஹோஜா இருவருமே தெற்கத்திக்காரர்கள். வடக்கு யாருக்காகச் சாக வேண்டும்?

அதைவிடப் பெரிய ஓட்டை ராணுவம். முந்தைய பாதுகாப்பு அமைச்சர் பெகிர் பலுக்குவை 1975ல் சுட்டுக் கொன்றார்கள், கூடவே தலைமைத் தளபதியையும். அந்த நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் யார்? இதே ஷேஹுதான். தங்கள் தலைகளை உருட்டியவருக்காக அதிகாரிகள் டாங்கிகளைக் கிளப்புவார்களா? 1966லேயே ராணுவப் பதவிப் படிநிலைகளை ஒழித்துவிட்டார்கள். படைப்பிரிவுக்குப் பிரிவு கட்சியின் அரசியல் ஆணையர் வேறு. தளபதி உத்தரவிட்டாலும் ஆணையர் தலையாட்ட வேண்டும்.

மாற்றுப்பாதை:
சரி, வடக்கு-தெற்கை விட்டுவிடுகிறேன். ஆனால் 1997ஐ மறக்காதீர்கள். நிதி மோசடி நிறுவனங்கள் கவிழ்ந்த சில வாரங்களில் ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வெளியே போயின, சுமார் 2,000 பேர் செத்தார்கள். அதே மக்கள், அதே கிடங்குகள்.

அட்ரியா:
நடுவில் புகுகிறேன். 1997ல் ராணுவம் கலைந்து வீட்டுக்குப் போனது. இரண்டாகப் பிரிந்து மோதவில்லை. அது அரசு உதிர்ந்த கதை. 1981ல் அரசு உதிரவில்லை, மேலே இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். உங்கள் கதைக்கு உண்மையான எரிபொருள் எல்லைக்கு வெளியே இருக்கிறது. 1981 வசந்தத்தில்தான் அல்பேனியர்கள் நிறைந்த கொசோவோவின் கிளர்ச்சியை அண்டை நாடான யூகோஸ்லாவியா அடக்கியது. கிரேக்கமோ 1987 வரை அல்பேனியாவுடன் சட்டப்படி போர் நிலையில் இருந்தது. டிரானாவில் சண்டை மூண்டிருந்தால் யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேட் சும்மா வேடிக்கை பார்த்திருக்குமா?

பழையகோப்பு:
அங்கேதான் எல்லாம் தலைகீழாகிறது. யூகோஸ்லாவியப் படை எல்லை தாண்டிய நொடியில் ஷேஹு ஆதரவாளர்களே ஹோஜா பக்கம் ஓடியிருப்பார்கள். செத்த பிறகு ஷேஹுவை யூகோஸ்லாவிய உளவாளி என்று ஹோஜா அறிவித்ததை நினைத்துப் பாருங்கள்; அந்தப் பொய்யை பெல்கிரேட்டே உண்மையாக்கிக் கொடுத்திருக்கும்.

மாற்றுப்பாதை:
சரி, பெல்கிரேட் வேண்டாம். ஹோஜா அன்றிரவே மாரடைப்பில் போயிருந்தால்? அப்போது ஆணையர் யார் உத்தரவுக்குக் காத்திருப்பார்?

பழையகோப்பு:
கட்சிச் செயலாளர்களில் ஒருவரான ரமீஸ் அலியாவின் உத்தரவுக்கு. 1985ல் ஹோஜா இறந்தபோது ஒரு தோட்டாகூட வெடிக்காமல் அவர்தான் நாற்காலிக்கு வந்தார்.

அட்ரியா:
அது ஹஸ்பியு, ஃபெச்சோர் இருவரையும் 1983ல் சுட்டுத் தீர்த்த பிறகு, ஐயா. 1981 டிசம்பரில் இரண்டு பேரும் பதவியில் இருந்தார்கள். அன்றைக்கு அலியா கையில் என்ன இருந்தது, அதைச் சொல்லுங்கள்.